உண்ணி தின்னும் என்று வாங்கிய ஆறு கினிக்கோழிகள்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு போய்விடலாம். நாய் உண்ணிக்கு ஐந்துக்கு அரை. மாட்டு உண்ணிக்கு ஒன்றரை. வெட்டுக்கிளி, பாம்பு, சொல்லாமல் வரும் விருந்தாளி, இந்த மூன்றுக்கும் சேர்த்து நாலரை. காதுக்கு சைபர்.

ஊத்துக்குளியிலிருந்து காங்கேயம் போகிற வழியில் எங்கள் தோட்டம். கொஞ்சம் தென்னை, மீதி மேய்ச்சல் காடு, சுற்றிலும் கிளுவை வேலி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 22 வருடம் கணக்கு எழுதிவிட்டு, போதும் என்று மாமியாரின் தோட்டத்து வீட்டுக்கே, எங்கள் பேச்சில் சாளைக்கே, வந்து சேர்ந்தவள் நான். வேலை போனாலும் நோட்டுப் போடும் புத்தி போகவில்லை. பால் கணக்கு, தேங்காய்க் கணக்கு, அதோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் நாய் மணியின் மேலிருந்து எடுக்கும் உண்ணிக் கணக்கும் எழுதி வைத்திருக்கிறேன். கீழே வரும் எண்களெல்லாம் அந்த நோட்டிலிருந்து.

போன வருடம் சித்திரையில் மணி சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் வெயில் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம். கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 38 ஆயிரம். நல்ல நாய்க்குக் குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். எர்லிக்கியா என்ற கிருமி, உண்ணி கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுக்கச் சொன்னார். “காச்சல் மாத்திரைல சரியாயிருமுங்க. ஆனா உண்ணியை ஒழிக்கலைனா மறுபடி வரும்” என்று சொல்லி, உண்ணிக்குத் தனியாக வாயில் கொடுக்கும் மாத்திரை ஒன்றும் எழுதினார். மாதம் ஒன்று, விலை 900. நாட்டு நாய்க்கு மாதம் 900 ரூபாயா என்று நான் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். கணக்கு எழுதுகிறவள் செய்த தப்பு அதுதான். அந்த வாரம் மணி மேலிருந்து எடுத்தது 64 உண்ணி.

அடுத்துச் செய்தது பூச்சிமருந்து அடிக்கும் ஆட்களைக் கூப்பிட்டது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இரண்டு பேர் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு வந்தார்கள். வாசல், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொடக்காளி, மாடு கட்டும் கட்டுத்தறி, மோட்டார் ரூம், எல்லா இடத்திலும் சைபர்மெத்ரின். இரண்டு முறைக்கு 4,500 ரூபாய். வேலை சுத்தம்தான். மூன்றாவது வாரம் நோட்டில் 5 என்று எழுதினேன், சந்தோஷத்தில் அதன்கீழ் ஒரு கோடும் போட்டேன். ஆடிக் கடைசியில் 41. உண்ணியின் முட்டை மேல் இந்த மருந்து பெரிதாக வேலை செய்யாது என்பதும், சுவரின் உள்சந்தில் இருப்பதை எட்டவே எட்டாது என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

உண்ணி திரும்பி வந்தது. வராமல் போனவை வேறு. தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுவுக்காக விட்டிருந்த கப்பி மீன் அத்தனையும் மறுநாள் காலையில் மிதந்தன. தொட்டியை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மோட்டார் ரூம் சுவரில் ஒரு சின்னக் குழாய் மாதிரி மெழுகு வாசல் வைத்துக் கொசுத்தேனீ கூடு இருந்தது. நான் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்தே இருந்தது என்று அத்தை சொல்வார். அதுவும் முடிந்தது. அந்த மாதம் முழுவதும் பொடக்காளியில் ஒரு ஒடக்கானை, அதாவது ஓணானைக்கூடப் பார்க்கவில்லை. சுவரோரம் சாரி சாரியாகப் போகும் எறும்பும் இல்லை. எறும்பு, ரத்தம் குடித்து உப்பிக் கீழே விழுந்த உண்ணியை இழுத்துக்கொண்டு போகும். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்துக் கூலியாட்களை விரட்டின மாதிரி ஆயிற்று.

சரி, கினிக்கோழிக்கு வருகிறேன்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போன என் வீட்டுக்காரர், குதிரையைப் பார்த்துவிட்டுக் கினிக்கோழி யோசனையோடு வந்தார். அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள், நாலு கினிக்கோழி விட்டால் ஒரு ஏக்கரில் உண்ணியே இருக்காது என்று. அத்தை திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “ஏங்கண்ணு, அது உண்ணியைத் திங்குமா, இல்ல நம்ம காசைத் திங்குமா?” என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான், நாங்கள்தான் பதில் சொல்லவில்லை.

கோபிப் பக்கம் ஒரு பண்ணையில் மூன்று மாத வயதுள்ளதாக ஆறு வாங்கினோம். ஒன்று 350 வீதம் 2,100. குஞ்சாக வாங்கினால் பாதி விலைதான், ஆனால் கினிக்கோழிக் குஞ்சுக்கு ஈரம் ஆகாது. காலைப் பனியில் புல்லுக்குள் போய் நனைந்தாலே செத்துவிடும். மூன்று மாதம் தாண்டியதை வாங்கியது நாங்கள் செய்த ஒரு புத்திசாலித்தனம். சாம்பல் உடம்பில் வெள்ளைப் பொட்டு, தலையில் கொம்பு மாதிரி ஒரு கெட்டி எலும்பு, மொட்டைக் கழுத்து. ஆப்பிரிக்காக்காரப் பறவை. இசத்நகரில் இருக்கும் மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் கடம்பரி, சிதம்பரி, ஸ்வேதாம்பரி என்று மூன்று ரகம் வெளியிட்டிருக்கிறது. பொட்டு வைத்த சாம்பல் நிறம் கடம்பரி. எங்களுடையது அதுதானா, இல்லை சும்மா பொட்டு வைத்ததா என்பது விற்றவருக்கே வெளிச்சம்.

“ஒரு வாரம் அடைச்சு வைங்க அம்மணி, அப்புறம் தொறந்து விட்டா உங்க வீட்டையே சுத்தும்” என்றார் விற்றவர். பத்து நாள் அடைத்து வைத்தோம். திறந்ததும் இரண்டு விர்ரென்று எழுந்து பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் போய் உட்கார்ந்தன. ஒன்று சாயங்காலம் திரும்பியது. இன்னொன்று இன்றுவரை வரவில்லை. வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் ஆறு வாரம் வலைக்குள் வைத்து, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கம்பு போட்டுப் பழக்க வேண்டும். அதன் பிறகு முதலில் ஒன்றை மட்டும் வெளியே விடுங்கள். கூட்டத்தை விட்டு அது போகாது. நாங்கள் மறுபடி பிடித்து அடைத்து, 1,850 ரூபாய்க்கு வலை வாங்கிக் கூண்டு கட்டி, புரட்டாசியில்தான் விட்டோம்.

சத்தத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இருக்க முடியாது. பொட்டைக் கினிக்கோழி இரண்டு அசையில் கத்தும். சேவலுக்கு அந்த இரண்டு அசை வராது, ஒரே அசையைத் திரும்பத் திரும்பக் கொத்தும். ஆண் பெண் பார்க்க இதுதான் எளிதான வழி, உருவத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எங்கள் அத்தைக்கு அந்த இரண்டு அசை “வட்டீ, வட்டீ” என்று கேட்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு வேப்பமரத்து உச்சியிலிருந்து “வட்டீ, வட்டீ”. கடன்காரன் வாசலில் வந்து நின்ற மாதிரி இருக்கும். தபால்காரர், பால் சொசைட்டி வண்டி, மேலே போகிற பருந்து, தரையில் போகிற சாரைப்பாம்பு, காற்றில் பறக்கும் பாலித்தீன் பை எல்லாவற்றுக்கும் அதே வட்டிதான். சுவரோடு சுவர் ஒட்டின தெருவில் இருப்பவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

இப்போது உண்ணி. ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, கினிக்கோழி விட்டு ஒரு மாதம், மணி மேல் 37. கார்த்திகையில் 44. மழை முடிந்ததால் கூடியிருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் கினிக்கோழிக்கு வக்கீல் வேலை பார்த்தார். நான் ஒரு சோதனை வைத்தேன். மாட்டிலிருந்து எடுத்த, கொட்டைமுத்து (ஆமணக்கு விதை) மாதிரி உப்பிய பத்து உண்ணியை ஒரு தட்டில் வைத்துக் கினிக்கோழி முன்னால் வைத்தேன். அவை தட்டைப் பார்த்து வட்டி கேட்டன. ஒன்று கொத்திப் பார்த்துவிட்டு உதறியது. அதற்குள் எங்கள் நாட்டுக்கோழி குறுக்கே புகுந்து பத்தையும் தீர்த்துவிட்டது. தட்டு புதிதாக இருந்ததால் பயந்திருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். தரையில் போட்டபோது பொறுக்கின. ஆனாலும் நாட்டுக்கோழியின் வேகம் இல்லை.

கினிக்கோழி உண்ணி தின்னும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் லாங் ஐலண்டில் 1992-இல் வந்த ஓர் ஆய்வு. கினிக்கோழி மேய்ந்த புல்தரையில் மான் உண்ணியின் வளர்ந்த பருவம் குறைந்திருந்தது. பின்னால் அமெரிக்காவிலேயே வேறு ஆட்கள் பார்த்தபோது கடுகளவு இருக்கும் இளம் பருவம் குறையவில்லை. அதுதான் மனிதர்களுக்கு நோயை அதிகம் ஏற்றுவது. அது அவர்கள் ஊர் உண்ணி. புல் நுனியில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டு, மான் வருமா, மனுசன் வருவானா என்று காத்திருக்கும் சாதி. கோழி போகிற உயரத்தில், கோழி போகிற இடத்தில் இருப்பது.

நம்மூர் நாய் உண்ணி எங்கே இருக்கிறது என்பதை நான் மார்கழிக் கடைசியில் கண்டுபிடித்தேன், அதுவும் தற்செயலாக. மோட்டார் ரூமில் நகைக்கடைக் காலண்டர் ஒன்று மாட்டியிருப்போம். மணி படுப்பது அந்த ரூமில், பழைய சாக்கின் மேல். புது வருடக் காலண்டரை மாட்ட, பழையதைக் கழற்றினேன். பின்னால் சுவரில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உண்ணி. பெரிதும் சிறிதுமாக, ஒன்றன் மேல் ஒன்று. ஆணி அடித்த ஓட்டைக்குள்ளும், செங்கல் சந்திலும், மேலே ஓடு தாங்கும் சட்டத்திலும். தரையிலிருந்து ஐந்தடி உயரம். கினிக்கோழி காலண்டரைத் தூக்கிப் பார்க்குமா?

அப்புறம் டாக்டர் விளக்கினார். நாய் உண்ணி மூன்று முறை நாய் மேல் ஏறும், மூன்று முறை இறங்கும். முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால். ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கி, சந்தில் ஒளிந்து தோல் உரித்தால் எட்டுக் கால். மறுபடி ஏறும், இறங்கும், உரிக்கும். பெரிதாகி மூன்றாம் முறை ஏறிக் குடித்து இறங்கும் பெண் உண்ணி, நாலாயிரம் முட்டை வரை இட்டுவிட்டுச் சாகும். இறங்கும் ஒவ்வொரு முறையும் இது தரையில் தங்காது, சுவரில் மேலே ஏறும். வளர்ந்த உண்ணி ஒரு வருடத்துக்கு மேல்கூடப் பட்டினி கிடந்து காத்திருக்கும். ஆக, நாய் மேல் நான் எண்ணிக்கொண்டிருந்த 44, அந்தச் சமயத்தில் சாப்பாட்டுக்கு வந்த பந்தி மட்டும்தான். வீடு காலண்டருக்குப் பின்னால்.

அதற்குப் பிறகு செய்தது எல்லாம் சுலபமான வேலைகள். கொத்தனாரை அரை நாள் கூப்பிட்டு மோட்டார் ரூம் சந்தெல்லாம் சிமெண்டு பூசி, சுண்ணாம்பு அடித்தோம். கூலியும் மூட்டையும் சேர்த்து ஆயிரம். சாக்கை எரித்தோம். மணிக்கு ஒரு பழைய கயிற்றுக் கட்டில், அதன்மேல் துண்டு. துண்டை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைக்கிறேன். முன்பு மடித்து வைத்த சீட்டை எடுத்து, 900 ரூபாய் மாத்திரையை மூன்று மாதம் விடாமல் கொடுத்தேன். விடாமல் என்பதுதான் முக்கியம். மாத்திரை கொடுத்த நாயின் ரத்தத்தைக் குடிக்கும் உண்ணி செத்துவிடும். சந்தில் மீந்திருப்பது ஒவ்வொன்றாகப் பசித்து வந்து நாய் மேல் ஏறி, அதோடு முடியும். நடுவில் ஒரு மாதம் விட்டால் பந்தி மறுபடி ஆரம்பித்துவிடும். மாசியில் 6. பங்குனி இரண்டாம் ஞாயிறு, நோட்டில் முதல்முறையாக 0. இப்போது எப்போதாவது ஒன்று, இரண்டு.

மாத்திரைக்கும் கொத்தனாருக்கும் சேர்த்து 3,700. மருந்தடித்தது, கினிக்கோழி, வலை மூன்றும் சேர்த்து 8,450. என் முட்டுவழிக் கணக்கைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. நான் சீட்டை மடித்து வைத்ததை ஞாபகப்படுத்தாமல் இருந்ததற்கு அவருக்கு நன்றி.

பூனை வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நாய் முதுகில் விடும் உண்ணி மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது விஷம். நாய்க்கு வாங்கியதைப் பூனைக்கும் ரெண்டு சொட்டு என்று விட்டுவிடாதீர்கள்.

மாட்டுக் கதை வேறு. மாட்டு உண்ணி ஒரே மாட்டின் மேலேயே ஏறி, மூன்று வாரம் அங்கேயே வளர்ந்து, குடித்து உப்பியதும் கீழே விழும். மண்ணில் முட்டை இடும். பொரிந்து வருவது புல் நுனியில் ஏறி அடுத்த மாட்டுக்குக் காத்திருக்கும். இதில் கோழிக்கு இடம் உண்டு, ஏனென்றால் விழுகிற இடம் கட்டுத்தறித் தரை. உப்பிய உண்ணி அதிகமாக விழுவது விடியற்காலைப் பக்கம். எங்கள் நாட்டுக்கோழிகள் இருட்டுப் பிரியும்போதே மாட்டுக் காலடியில் சீய்க்க வந்துவிடும். கினிக்கோழி மரத்தை விட்டு இறங்கி, வட்டி வசூல் முடித்து, கூட்டம் கூடி, மேய்ச்சல் காட்டுக்குப் போய்விடும். கட்டுத்தறியில் அதற்கு என்ன வேலை? பெரிதாகச் சீய்க்கும் பழக்கமும் கிடையாது. காய்கறிப் பாத்திக்கு அது நல்லது, உண்ணிக்கு உதவாது. அதனால்தான் ஒன்றரை.

எங்களிடம் இரண்டு பசு. ஒன்று காங்கேயம் மயிலை, இன்னொன்று ஜெர்சிக் கலப்பு. ஒரே கட்டுத்தறி, ஒரே புல். கலப்பு மாட்டின் மடியிலும் வாலடியிலும் காதுக்குள்ளும் உண்ணி அடையாக இருக்கும்போது மயிலை மேல் தேடித்தான் எடுக்க வேண்டும். திமில் உள்ள நம் நாட்டு மாடுகளுக்கு இந்த உண்ணியைத் தாங்கும் சக்தி இயல்பிலேயே கூடுதல். இருபது லிட்டர் பாலுக்கு ஆசைப்பட்டால் உண்ணியையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

கலப்பு மாட்டுக்கு, தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் சொல்லும் மூலிகைக் கரைசல் அடிக்கிறேன். பூண்டு பத்துப் பல், வேப்பிலை ஒரு கை, வேப்பம்பழம் ஒரு கை, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், துளசி ஒரு கை, உண்ணிச்செடித் தழை ஒரு கை. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டி, வெயில் ஏறின நேரத்தில் உடம்பு முழுக்க அடிக்க வேண்டும். கட்டுத்தறிச் சந்துகளிலும் அடிக்க வேண்டும், வாரம் ஒருமுறை. நாலு வாரத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. முழுதாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். உண்ணிச்செடியை மாடு தின்றால் ஈரல் கெட்டுவிடும், அதனால் அரைத்த சக்கையைத் தொட்டிப் பக்கம் கொட்டாதீர்கள். பேரில் உண்ணி இருப்பதால் அது உண்ணிக்கு மருந்தாயிற்றா, மருந்தானதால் பேர் வந்ததா என்று அத்தையைக் கேட்டேன். “வேலையப் பாரு கண்ணு” என்றார்.

பேரை நம்பினால் ஏமாறுவோம் என்பதற்கு உண்ணிக்கொக்கு இன்னொரு உதாரணம். மாடு மேயும்போது பின்னாலேயே நடக்கும் வெள்ளைக் கொக்கு. உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். மாட்டுக் கால் பட்டுத் துள்ளும் வெட்டுக்கிளியைத்தான் பிடிக்கிறது. அதன் வயிற்றைச் சோதித்துப் பார்த்தவர்களும் பெரும்பாலும் வெட்டுக்கிளியையே கண்டிருக்கிறார்கள், உண்ணி கொஞ்சம்தான். செய்தித்தாளில் வரும் “உண்ணிக் காய்ச்சல்” கூட அப்படித்தான். அந்த ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது நாய் உண்ணியோ மாட்டு உண்ணியோ கிடையாது. புதர்ப் பக்கம் எலி மேல் வாழும், கண்ணுக்கே தெரியாத வேறொரு சிற்றுண்ணியின் குஞ்சு. காய்ச்சலோடு உடம்பில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு என்று மறைவான இடத்தில் இருக்கும், நாமாகச் சொன்னால்தான் தெரியும்.

இதற்காக வேலியைச் சுத்தமாக வெட்டி எறிந்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் களைக்கொல்லி கேனோடு நின்றார். வீட்டைச் சுற்றி இருபதடிக்கு மட்டும் புல்லைக் குட்டையாக வெட்டி வைத்துக்கொள்வோம், வேலியைத் தொட வேண்டாம் என்று தடுத்தேன். அந்தக் கிளுவைக்குள்தான் எலி பிடிக்கும் சாரை, ஒடக்கான், கரிச்சான், அணில், கீரி எல்லாம் இருக்கின்றன. எலி குறைந்தால் எலி மேல் ஏறி வரும் உண்ணியும் குறையும். உண்ணியின் இளம் பருவத்துக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று வெளியே வரும் ஒரு பொடிக் குளவிகூட உலகத்தில் உண்டு என்று படித்தேன். எங்கள் வேலியில் இருக்கிறதா என்று தெரியாது. டேங்க் மாட்டின ஆட்களுக்கு அதுவும் ஒன்றுதான், கொசுத்தேனீயும் ஒன்றுதான். மருந்தடிப்பதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒடக்கான் வந்துவிட்டது, எறும்புச் சாரி வந்துவிட்டது. கொசுத்தேனீ மட்டும் வரவில்லை. சுவரைப் பூசும்போது அந்த மெழுகு வாசலைச் சுற்றி ஒரு சாண் இடம் பூசாமல் விடச் சொன்னேன். கொத்தனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விட்டார்.

கீரி என்று சொன்னேன். பங்குனியில் அது ஒரு கினிக்கோழியை அடித்துவிட்டது. குற்றம் எங்கள் மேலும் உண்டு. கினிக்கோழிப் பொட்டைகள் கூண்டில் முட்டையிடாது, வேலியோரம் ஒளித்து, கூட்டாக ஒரே குழியில் இடும். நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் கீரி கண்டுபிடித்துவிட்டது. ஆறில் மிஞ்சியது நாலு. என் வீட்டுக்காரர் பொறி வைக்கலாம் என்றார். வன உயிரினச் சட்டப்படி கீரியைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது, மயிலைப் போலத்தான். அதோடு, கண்ணாடிவிரியன் இருக்கிற காட்டில் கீரி இருப்பது எனக்கு நிம்மதி. ஒரு கினிக்கோழியை வாடகையாக வைத்துக்கொண்டேன்.

மீதி நாலைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விமர்சனம் நியாயமாக இருக்காது. வெட்டுக்கிளி தின்பதில் இதற்கு நிகர் கிடையாது. போன வருடம் கீரையை ஓட்டை போட்ட பூச்சிகள் இந்த வருடம் இல்லை, பாத்தியைக் கிளறவும் இல்லை. பாம்பைக் கண்டால் நாலும் வட்டமாக நின்று கூப்பாடு போடும். வைகாசியில் ஒரு நாள் மோட்டார் ரூம் வாசலில் விரியன் சுருண்டு கிடந்ததை மணிக்கு முன்னால் இவைதான் சொன்னது. அந்த ஒரு நாளுக்காகவே அந்த நாலரையைக் கொடுத்திருக்கிறேன். மேய்ச்சல் உள்ள இடத்தில் தீவனச் செலவும் குறைவு, சாயங்காலம் இரண்டு கை கம்பு போதும், அதுவும் வீடு மறக்காமல் இருப்பதற்குத்தான்.

முட்டை நாட்டுக்கோழி முட்டை அளவுதான், ஓடு மட்டும் கல் மாதிரி. தட்டினால் உடையாது, கத்தி முனையால் கொத்த வேண்டும். மஞ்சள் கரு பெரிது, ருசி நன்றாக இருக்கிறது. சித்திரையில் கொழுக்கட்டைப்புல் தூருக்குள் 23 முட்டை ஒன்றாகக் கிடைத்தது. தண்ணீரில் போட்டு மிதந்ததைக் கழித்து, 14 முட்டையை அடைக்குப் படுத்த நாட்டுக்கோழிக்கு வைத்தேன். கோழி முட்டை 21 நாள், இது 26 முதல் 28 நாள். அந்தக் கூடுதல் வாரம் அது எழுந்து போகாமல் உட்கார்ந்தது பெரிய மனசு. 9 பொரிந்தன, கோடை மழை ஈரத்தில் நாலு போய், ஐந்து பிழைத்தன. அம்மா கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள். அது “கொக் கொக்” என்கும், இவை வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து மாமா வந்தார். அந்த ஐந்தில் இரண்டைக் கேட்டார். எதுக்குங்க மாமா என்றேன். “நம்ம நாய்க்கு உண்ணி தாங்கலை அம்மணி. உங்க மணிக்கு இந்தக் கோழி வந்தப்புறம்தானே சுத்தமாச்சு?” என்றார். நோட்டை எடுத்துக் காட்டினேன். காலண்டர் கதையைச் சொன்னேன், மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய்ச் சுவரையும் காட்டினேன், மாத்திரைப் பேரை அவர் போனில் எழுதிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். விலையையும் கேட்டார். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.